குதிரைக்காரர்களோடு ஒரு குடித்தனம்

எதிர்வீட்டு அக்காவின் முன்னால் யாரையும் எதையும் புகழ்ந்து பேசக் கூடாது என்பதைச் சாந்தோமுக்குக் குடிவந்த முதல் மாதத்திலேயே தெரிந்துகொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய கணவர் மாதா கோயிலில் பூசை முடிந்து பங்குச் சாமியார் பங்களாவில் சாப்பிட்டுவிட்டு வந்தார். வந்தவர் சும்மா இருக்காமல், "குசினிக்காரன் இன்னைக்கு வஞ்சிரக் குழம்பு பிரமாதமா வச்சிருந்தான்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் வஞ்சிரக் குழம்பு. ஒருநாள் புளி தூக்கலாக, ஒருநாள் மாங்காய் போட்டு, ஒருநாள் மிளகு அரைத்துவிட்டு. கடைசியில் மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இதுதான் நல்லா இருக்கு, தாயே."

"எப்டி? அந்த மாதிரியா, அத்தவிடவா?"

"அதைவிட."

"அப்டி சொல்லு" என்று அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். அன்று சாயங்காலம் மீதமிருந்த குழம்பு எங்கள் வீட்டுக்கு வந்தது. என் அப்பாவும் நானும் சாப்பிட்டோம். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

நான் அப்போது பக்கத்துப் பெண்கள் பள்ளியில் ஆசிரியை. அம்மா இல்லை. அப்பாவுக்கு ஒரு கால் விளங்காமல் போயிருந்தது. நாற்பதுகளின் தொடக்கம் அது. தெருவில் பாதிக்குப் பாதி எங்களைப் போல அந்தக் கோயில் பங்கைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பங்கள்தான். அக்கா சாந்தோமிலேயே பிறந்தவள். அவள் அப்பா துறைமுகத்தில் கூலிகளை மேய்க்கும் மேஸ்திரியாக இருந்தவர். அவளுடைய பேச்சும் துறைமுகப் பேச்சுதான். அவள் கணவர் பாளையங்கோட்டைப் பக்கம். கல்லூரியில் சரித்திர ஆசிரியர். நான் அவரைச் சார் என்றுதான் கூப்பிடுவேன். நெட்டையாக, சற்றே கூன் விழுந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசுகிற சாது. இந்த மனிதரை யார் கொத்திக்கொண்டு போகப் போகிறார்கள் என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். அக்காவுக்கு மட்டும் உலகமே வரிசையில் நின்று காத்திருப்பதாக எண்ணம்.

சவரம் செய்ய வருகிறவரோடு சார் சிரித்துப் பேசினால், காப்பித் தம்ளரோடு வாசலில் வந்து நிற்பாள். "இன்னா ஜோக்கு? எனக்குஞ் சொல்றது." அவருடைய சட்டையை வண்ணானுக்குப் போட மாட்டாள். அவன் பெண்டாட்டி தொடுவாளாம். கோயிலில் பாட்டு நடத்துகிறவர் ஆர்மோனியத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போன மாதம், சார் சாயங்காலங்களில் அதைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒருநாள் அது துணி மூட்டைக்கு அடியில் கிடந்தது. கேட்டதற்கு, "ஈரம் பூந்துடும், அதான்" என்றாள்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. ஆனால் பிள்ளைத்தாய்ச்சிகள் மீதோ, கைக்குழந்தைக்காரிகள் மீதோ அவள் பொறாமைப்பட்டு நான் பார்த்ததில்லை. தெருவில் எந்த வீட்டில் பிரசவம் என்றாலும் முதலில் வெந்நீர் வைக்கப் போகிறவள் அவள்தான். குழந்தையை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுத் தாயிடமே திருப்பிக் கொடுத்துவிடுவாள். மற்ற எதையும் அவள் அப்படித் திருப்பிக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

அவளுடைய பெரிய பொறாமை ஒரு குதிரைப் படையின் மேல்.

அது எப்படி என்று சொல்ல வேண்டும். எங்கள் பங்கில் வயது முதிர்ந்த ஸ்பெயின் தேசத்துச் சாமியார் ஒருவர் ஓய்வாக இருந்தார். அவரிடம் சார் பொழுதுபோக்காக ஸ்பானிஷ் படித்தார். படிக்கக் கொடுத்த புத்தகங்களில் ஒன்று தென் அமெரிக்காவைப் பற்றியது. ஸ்பெயின் ராஜா ஆண்ட காலத்தில், புவனோஸ் அயர்ஸ் பட்டணத்துக்குத் தெற்கே கண்ணுக்கு எட்டிய மட்டும் புல்வெளி. மரம் இல்லை, கல் இல்லை. அந்தப் புல்வெளியில் ராஜாவின் எல்லை எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாது. அதைக் காக்க அக்கம்பக்கத்துக் குடியானவர்களையே சேர்த்து ஒரு குதிரைப் படை வைத்தார்கள். குதிரை அவனவன் குதிரை. ஆயுதம் மூங்கில் போன்ற ஒரு கழியின் நுனியில் இரும்பு செருகிய ஈட்டி. சம்பளம் வந்தால் வரும். சில காலம் புகையிலையாகவும் வரும். சார் இந்தப் படையில் போய் விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. முகலாயர் சரித்திரத்தைக் கல்லூரியோடு வைத்துக்கொண்டு, வீட்டில் முழுநேரமும் குதிரைக்காரர்களோடு இருந்தார்.

படைக்கு பிளாந்தெங்கே என்று பெயர். ஈட்டியை ஆட்டிக் காட்டுகிறவர்கள் என்று அர்த்தமாம். அக்காவின் வாயில் அது தேங்காய் ஆகிவிட்டது. "உங்க சார் தேங்காக்காரனுங்களோட பேசிக்கினு கீறாரு. அப்பறமா வா" என்பாள்.

சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கொடுமையை நானே பார்த்திருக்கிறேன். சார் சோற்றைச் சதுரமாக அணை கட்டுவார். "இது மண்கோட்டை." சுற்றிலும் குழம்பை ஓட விடுவார். "இது அகழி." ஒரு முருங்கைக்காயை நடுவில் நட்டு, "இதுதான் காவல் பரண். தூரத்துல தூசி தெரிஞ்சா ஒரு வீரன் இதுல ஏறிப் பாப்பான். எதிரிக வாராகன்னா பீரங்கி வெடிப்பாக. சத்தத்தைக் கேட்டு ஜனங்க கோட்டைக்குள்ள ஓடி வந்துருவாக" என்பார். சோறு ஆறிக்கொண்டிருக்கும். அக்கா மோர்ச் சட்டியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருப்பாள்.

ஒருநாள் கேட்டாள். "எதிரி எதிரின்றியே, அவங்கோ யாரு?"

"அந்த மண்ணுலயே காலகாலமா இருந்த ஜனங்க."

"அவங்கோ மண்ணுல இவனுங்கோ இன்னாத்துக்குக் கோட்டை கட்றானுங்கோ?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோட்டைச் சுவரில் ஒரு பக்கத்தை இடித்துச் சாப்பிட்டார்.

குதிரைக்காரர்களைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். அவளால் பொறுக்க முடியாதவர்கள் அந்தக் கோட்டைகளில் இருந்த பெண்கள். வீரர்களின் மனைவிமார்கள் கோட்டைக்குள்ளேயே குடித்தனம் நடத்தினார்களாம். ஆண்கள் எல்லாரும் ரோந்து போயிருக்கும் நாட்களில், அவர்களுடைய தொப்பிகளை மாட்டிக்கொண்டு, ஈட்டியைப் பிடித்துக்கொண்டு சுவர் மேல் நிற்பார்களாம். தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் ஆள் இருக்கிறது என்று ஒதுங்கிப் போய்விடுவார்களாம். இதைச் சொல்லும்போது சாருக்குக் குரல் தழுதழுத்துவிடும். "என்ன பொம்பளைங்க!" என்பார்.

அந்த 'என்ன பொம்பளைங்க' அக்காவுக்கு முள்ளாகக் குத்தியது. என்னிடம் வந்து கொட்டுவாள். "நானு காலைலேர்ந்து மீனுக்கு அலைஞ்சு, கொயம்பு வச்சு, அந்தாளு முதுவு தேச்சு வுட்றேன். என்னப் பாத்து ஒருநா 'இன்னா பொம்பள'ன்னு சொல்லிக்கீறாரா? செத்துப் போன எவளையோ சொல்றாரு. செத்தவகிட்ட நான் எப்டி சண்ட போடுவேன், சொல்லு."

அவள் வந்து கொட்டுவது எனக்குப் பிடித்திருந்தது. அந்தத் தெருவில் அவள் வேறு யார் வீட்டிலும் உட்கார்ந்து பேசுவதில்லை.

பிறகு ஊர் காலியான கோடை வந்தது. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பேச்சு. எழும்பூரில் ரயிலுக்கு ஜனம் முட்டி மோதியது. மயிலாப்பூர் குளத்தைச் சுற்றிய வீடுகளில் எல்லாம் பூட்டு. கடற்கரையை ஒட்டிய எங்கள் தெருவைக் கேட்கவே வேண்டாம். அப்பாவின் காலை வைத்துக்கொண்டு நாங்கள் எங்கும் போவதற்கில்லை. சாரை எங்கள் வட்டாரத்துக்கு ஏ.ஆர்.பி. வார்டனாக, அதாவது விமானத் தாக்குதல் காவலராகப் போட்டிருந்தார்கள். ஓர் இரும்புத் தொப்பி, ஒரு விசில், கையில் ஒரு பட்டை. மனைவியைப் பாளையங்கோட்டைக்கு அனுப்புவதாகத் தீர்மானித்து, டிக்கெட்டும் வாங்கிவிட்டார்.

அக்கா பெட்டியைக் கட்டி முடித்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டு கேட்டாள். "அந்தக் கோட்டப் பொம்பளைங்கோ, சண்டைன்னதும் ஊருக்குப் போனாங்களா?"

சார் பொய் சொல்லத் தெரியாதவர். "போகலை" என்றார்.

"அப்ப நானும் போவல."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. தான் போய்விட்டால் வெற்று வீட்டில் அவர் அந்தப் பெண்களோடு உட்கார்ந்திருப்பார் என்பது அவளுடைய கவலை என்று நான் நினைத்தேன். பிராணபயத்தைவிட அது பெரிதாக இருந்திருக்கிறது.

ஒரு மத்தியானம் சார் காய்ச்சலில் படுத்திருந்தார். தெருமுனையில் பூட்டிக் கிடந்த வக்கீல் வீட்டின் முன் ஒரு தள்ளுவண்டி நின்றது. நாலைந்து ஆட்கள் கதவைக் கழற்றி, உள்ளேயிருந்து அண்டாக்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டு நான் வாசலுக்கு வந்தேன். எதிர்வீட்டிலிருந்து அக்கா வந்தாள். தலையில் இரும்புத் தொப்பி. அவளுடைய பெரிய கொண்டையின் மேல் அது ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. வாயில் விசில். கையில் சாரின் குடை. ஊதிக்கொண்டே நேராக அவர்கள் நடுவில் போனாள்.

"ஏய்! யார்ரா நீங்கோ? இந்தத் தெருவுல ஆள் இல்லன்னு எவன்டா சொன்னான்? போலீஸ் லாரி கச்சேரி ரோட்டுல வந்துக்கினு கீது. நில்லுங்கோ, ஒருத்தன் நவுரக் கூடாது!"

லாரியும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் விளக்குமாற்றோடு அவளுக்குப் பின்னால் நின்றேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவன் மட்டும் அவளை நோக்கி இரண்டடி வந்தான். அக்கா பின்வாங்கவில்லை. மறுபடியும் ஊதினாள். அவன் நின்றான். அப்புறம் வண்டியைப் போட்டுவிட்டே ஓடினார்கள். அவர்கள் போன பிறகுதான் அக்கா வக்கீல் வீட்டுப் படியில் உட்கார்ந்தாள். விசில் இன்னும் வாயிலேயே இருந்தது. நான்தான் எடுத்துவிட்டேன்.

நடந்ததை நான் போய்ச் சாரிடம் சொன்னேன். போர்வைக்குள்ளிருந்து எழுந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் வெளிச்சம். "ஏட்டி, நீ அந்தக் கோட்டைப் பொம்பளைங்க மாதிரியே..." என்றார்.

அவர் வாழ்நாளில் கொடுத்திருக்கக்கூடிய ஆகப் பெரிய பாராட்டு அது. அக்காவின் முகம் கறுத்துப் போயிற்று.

"எவ மாரியும் இல்ல. நானு என் மாரி" என்று தொப்பியைக் கழற்றிக் கட்டில் மேல் போட்டுவிட்டுக் குசினிக்குப் போனாள். அதன் பிறகு பல நாள் அவரோடு பேசவில்லை.

ஸ்பெயின் சாமியார் அடுத்த வருஷம் இறந்துபோனார். பழைய ஸ்பானிஷ் எழுத்துக்களைப் படித்துச் சொல்ல ஆள் இல்லாமல் சார் தவித்தார். அப்போது யாரோ சொன்னார்கள், அடையாற்றில் ஆற்றங்கரைத் தோட்டத்தில் வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற இடத்தில் அர்ஜென்டீனா தேசத்து அம்மாள் ஒருத்தி இருக்கிறாள் என்று. ஏதோ ஆன்மிகக் கூட்டத்துக்கு வந்தவள், யுத்தத்தால் கப்பல் கிடைக்காமல் மாட்டிக்கொண்டுவிட்டாளாம். சார் ஒரு சனிக்கிழமை பாலத்தைத் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். திரும்பும்போது பறந்து வந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த அம்மாளின் முன்னோர்களே அந்தக் குதிரைப் படையில் இருந்தவர்களாம்!

இதுவரைக்கும் அக்காவின் எதிரிகள் செத்துப்போன பெண்கள். இப்போது ஒருத்தி உயிரோடு, ஜட்கா போகிற தூரத்தில்.

சனிக்கிழமை தோறும் சார் போனார். சனிக்கிழமை தோறும் அக்கா கேள்வி கேட்டாள். எங்கே உட்கார்ந்தீர்கள், என்ன குடித்தீர்கள், அவள் என்ன நிறப் புடவை, சிரித்தாளா, எதற்குச் சிரித்தாள். சார் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்வார். பதில்கள் சரியாக இருந்ததுதான் அவளுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

"கெளம்புடி" என்று ஒருநாள் என் வீட்டுக்குள் வந்து நின்றாள். "இங்கிலீசு பேச நீதான் வோணும்."

ஜட்காக்காரர் எங்கள் பேட்டைக்காரர். பாலத்தின் மேல் போகும்போது, "இன்னாம்மா, சாமி கும்பிடப் போறியா, சண்டைக்குப் போறியா? மூஞ்சப் பாத்தா தெரிலயே" என்றார்.

"நீ குதிரையப் பாத்து ஓட்டு" என்றாள் அக்கா.

ஒரு பெரிய தாழ்வாரத்தில் மேசை போட்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மேசை நிறையக் காகிதங்கள். அந்த அம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும். கிராப்புத் தலை. வெள்ளைக் கதர்ப் புடவையைக் கயிறு சுற்றிய மாதிரி சுற்றியிருந்தாள். கை ஆண்பிள்ளைக் கை போலத் திண்ணென்று இருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்து அக்காவின் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டாள். அக்கா விடுவித்துக்கொண்டு, ஒரு நாற்காலியை இழுத்து இரண்டு பேருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப பேசச் சொல்லு" என்றாள் என்னிடம். சார் மொழிபெயர்க்க வாயைத் திறந்தார். "நீ வாணாம். இவ சொல்லட்டும்."

நான் நின்றபடியே மொழிபெயர்த்தேன். அன்று அவர்கள் படித்துக்கொண்டிருந்தது அந்த அம்மாளின் கொள்ளுப்பாட்டனுக்கும் முந்தின ஒருவரைப் பற்றி. அவர் எல்லைக் கோட்டையில் குதிரை வீரர். ரோந்து போயிருந்த சமயத்தில் புல்வெளி ஜனங்கள் வந்து மாடுகளையும் அவர் மனைவியையும் கொண்டுபோய்விட்டார்கள். கைக்குழந்தையான மகன் மட்டும் அடுப்படியில் கிடந்தான். சம்பளம் வராமல் மற்றவர்கள் எல்லாம் படையை விட்டு ஓடிய காலத்திலும் அவர் போகவில்லை. மனைவி திரும்பினால் அந்த வழியாகத்தானே வர வேண்டும்? வருஷங்கள் கழித்து, கைதிகளை மாற்றிக்கொண்டபோது அவள் வந்தாள். அங்கே அவளுக்கு இன்னொரு குழந்தை பிறந்து, அதை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியதாகியிருந்தது.

"அவர் சந்தோஷப்பட்டார்" என்றாள் அந்த அம்மாள். "ஆனால் கேட்டுக்கொண்டே இருந்தார். அங்கே என்ன சாப்பிட்டாய், யார் சமைத்தார்கள், பாடினாயா, யாருக்காகப் பாடினாய் என்று. முதலில் அவள் பதில் சொன்னாள். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள். ஒரு விடியற்காலையில் அவருடைய குதிரையையே எடுத்துக்கொண்டு தெற்கே போய்விட்டாள். அவர் அப்போது பரண் மேல் காவலில் இருந்தார். எல்லையைத் தாண்டுகிறவர்களைப் பார்த்தால் பீரங்கியை வெடிக்க வேண்டும். அவர் வெடிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் இதற்காகச் சண்டை போடுவார்கள். அன்பினால் விட்டாரா, கோபத்தினால் விட்டாரா என்று."

நான் சொல்லி முடித்தேன். அக்கா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அங்க வுட்டுட்டு வந்த புள்ள இன்னா ஆச்சு? கேளு."

கேட்டேன். தெரியாது என்றாள் அந்த அம்மாள். அதை யாருமே எழுதி வைக்கவில்லையாம். சொல்லும்போது அவள் கண் கலங்கியது. அக்கா அவளை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

திரும்பும் வழியில் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "கேட்டுக் கேட்டே அனுப்பிட்டான் பாவி."

அன்றைக்கு வீட்டுக்கு வந்த சாரை அவள் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் கேட்கவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை சார் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். "அவளுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? ஒண்ணுமே கேக்க மாட்டேங்கா. எனக்குச் சோறு இறங்கலை" என்றார்.

பொறாமை போய்விட்டது என்று நினைத்தால் தப்பு. அவள் கேட்பதை நிறுத்திவிட்டு, தானே போக ஆரம்பித்தாள். சாருக்குக் கல்லூரி உள்ள நாட்களாகப் பார்த்து, ஒரு தூக்கில் சாப்பாடு எடுத்துக்கொண்டு, ஜட்கா பிடித்து அடையாற்றுக்குப் போனாள். அவர் அங்கே என்ன பேசுகிறார் என்பதை நேராக வேரிலேயே போய்ப் பிடுங்கலாம் என்று கிளம்பியவள்தான். மூன்று மாதத்தில் இரண்டு பெண்களும் ஒருவரை விட்டு ஒருவர் இருக்க முடியாதபடி ஆகிவிட்டார்கள். அந்த அம்மாள் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவள். அவளுக்காக அக்கா மீன் இல்லாத குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டாள். அந்த அம்மாள் அக்காவிடமிருந்து தமிழ் கற்றுக்கொண்டாள். எந்தத் தமிழ் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒருநாள் கோயில் வாசலில் என்னைப் பார்த்து, "இன்னா டீச்சர், சௌக்யமா கீறியா?" என்று அவள் கேட்டதும், பின்னால் வந்த பங்குச் சாமியார் திடுக்கிட்டு நின்றார்.

சாருக்கு இப்போது மூக்கின் மேல் கோபம். சனிக்கிழமை போனால், "உங்க வூட்டம்மா வர்ல?" என்றுதான் முதல் கேள்வியாம். காகிதம் எல்லாம் அப்படியே கிடக்கிறதாம். "நான் கண்டுபிடிச்ச ஆளு அவக" என்று என்னிடம் முறையிட்டார்.

எனக்கும் கோபம்தான். அதைக் கோபம் என்று சொல்வது கூட மரியாதைக்காக. மொழிபெயர்க்க ஆள் தேவையில்லாமல் போனதும் நானும் தேவையில்லாமல் போனேன். அக்கா வந்து உட்கார்ந்து கொட்டுகிற மத்தியானங்கள் நின்றன. ஜட்கா வந்து நிற்கிற சத்தம் கேட்டால் நான் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன். அப்பா, "காத்து வரலியே, ஏம்மா சாத்தறே?" என்பார். அந்த அம்மாளின் கிராப்பும் கதரும் எனக்குக் கண்ணில் விழுந்த தூசியாக உறுத்தின. ஒருநாள் அக்காவிடம், "அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே, அவளையே கேள்" என்று சொல்லிவிட்டேன். அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "இன்னாடி ஆச்சு ஒனக்கு, வயித்து வலியா?" என்றாள். அத்தனை பொறாமைக்காரிக்கு மற்றவர்களுடைய பொறாமை மட்டும் கண்ணில் படவே இல்லை.

யுத்தம் முடிந்த வருஷம், மழைக்காலத்தில், சார் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார்கள். அக்கா அழவில்லை. அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, வருகிறவர்கள் கொண்டுவந்த மாலைகளை வாங்கி வாங்கி ஒரு ஓரமாக வைத்துக்கொண்டிருந்தாள். அவர் மேல் அவள் போட்ட மாலை ஒன்றுதான் கிடந்தது.

அப்போது அடையாற்று அம்மாள் வந்தாள். வாசலிலேயே வாய்விட்டு அழுதாள். எங்கள் பங்குப் பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். சனிக்கிழமைகளைப் பற்றித் தெருவுக்கே தெரியும். ஒரு கிழவி, "இவளுக்கு இன்னா இங்க வேல?" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

அக்கா நிமிர்ந்தாள். தனக்குப் பக்கத்தில் இருந்த இடத்தைக் கையால் துடைத்தாள்.

"இப்டி வா. வந்து குந்து."

அந்த அம்மாள் வந்து காலை மடக்கி உட்கார்ந்தாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினாள். நான் இரண்டு பேருக்கும் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"சனிக்கெழம சனிக்கெழம உங்கிட்ட அவரு இன்னா இன்னா பேசினாரோ, அல்லாம் எனக்கு வோணும். ஒண்ணு வுடாம சொல்லணும். இன்னிக்கு இல்ல. அப்பறமா. ஆனா ஒண்ணு வுடக் கூடாது. அது என்னுது."

கப்பல் கிடைக்கிற வரைக்கும், பல மாதங்கள், அந்த அம்மாள் சனிக்கிழமை தோறும் அக்காவின் வீட்டுக்கு வந்தாள். என்னையும் கூப்பிட்டு உட்கார வைப்பாள் அக்கா. அந்த அம்மாள் தன் சாந்தோம் தமிழில் நினைவுபடுத்திச் சொல்லுவாள். அவர் இன்ன நாள் இன்ன கோட்டையைப் பற்றிக் கேட்டார். ஒரு நாள் ஆற்றில் மீன் துள்ளியதைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார். ஒரு நாள் கண்ணாடியைத் தேடினார், அது தலை மேல் இருந்தது. அக்கா பல்லி மாதிரி அசையாமல் கேட்பாள். பழைய நினைவெல்லாம் தீர்ந்துபோன பிறகும் அந்த அம்மாள் வந்துகொண்டிருந்தாள்.

கடைசிச் சனிக்கிழமை கிளம்பும்போது வாசல்படியில் நின்று சொன்னாள். "அவுரு ஒருநா சொன்னாரு. அந்தக் கோட்டையில இருந்த பொம்பளைங்கோ எல்லாத்தியும் சேத்தாலும் எம் பொண்டாட்டிக்கு ஈடாவாதுன்னு சொன்னாரு."

அக்கா தலையாட்டினாள். அவளைக் கட்டிக்கொண்டாள். ஜட்கா ஏற்றி அனுப்பினாள். வண்டி போன பிறகு உள்ளே வந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அவரு சொல்லிருக்க மாட்டாரு" என்றாள்.

"ஏன் அக்கா? சொல்லியிருக்கலாமே."

"ஒனக்குத் தெரியாது. அவருக்கு அப்டியெல்லாம் பேச வராது. எனக்கோசரம் அவளா கட்டிச் சொல்றா." பிறகு அவளுக்கு வெடுக்கென்று கோபம் வந்தது. கண்ணில் நீரும் வந்தது. சார் போனதிலிருந்து நான் பார்த்த முதல் நீர். "அவளுக்குத் தோணிச்சு பாரு. அந்த மனுசனுக்கு ஏன்டி தோணல?"

அதற்கடுத்த ஆண்டு அப்பாவும் போனார். இன்னும் ஓராண்டு கழித்து எனக்குத் தாமதமாக ஒரு கல்யாணம் நடந்தது. கணவருக்குத் தியாகராய நகரில் வீடு. சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது அக்கா வந்து குறுக்கே நின்றாள். வெள்ளைப் புடவையில் சற்று இளைத்திருந்தாள். குரல் மட்டும் இளைக்கவில்லை.

"அங்க எதுத்தாப்ல யாரு கீறாங்கோ?"

"ஒரு அம்மாள், அக்கா. போய்ப் பார்த்தபோது வந்து பேசினாள். நல்ல மாதிரி."

"நல்ல மாதிரின்னா?"

"கலகலப்பாப் பேசறா."

அக்கா வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "சிரிச்சு சிரிச்சா?"

"கொஞ்சம்."

"வயசு?"

"உன் வயசுதான் இருக்கும்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு என் கணவர் கேட்காத தூரத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போய், "நீ ஒண்ணும் அவ வூட்ல போய்க் குந்தாத. கூப்ட்டா வேல கீதுன்னு சொல்லிடு. இன்னா, புர்தா?" என்றாள்.

"புரிஞ்சுது அக்கா."

"சும்மா சொல்லாத."

வண்டி கச்சேரி ரோடு திரும்பும் வரைக்கும் என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அழுகிறேனோ என்று நினைத்து என் கணவர் குனிந்து பார்த்தார். "என்ன சொன்னா அந்த அம்மா?" என்று கேட்டார்.

ஒன்றும் இல்லை என்றேன். அதை இன்னொருவருக்குப் பங்கு போட்டுக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.